இரண்டு எல்

ஓடுபாதை முனையில் மெர்ரன் ஐஸ்பிஸ்டர்
மஞ்சள் மட்டைகளைத் தூக்குகிறாள்.
எட்டு இருக்கை விமானம்
கடற்காற்றில் முரண்டு பிடித்தபடி
மூக்கைத் திருப்பி அவளிடம் வருகிறது.
வா, வா, இன்னும் கொஞ்சம்,
இடது சக்கரம் இங்கே.
தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே போட்டால்
விசிறிகள் அடங்கிவிடும்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் மார்ஷல் என்று ஒரு வினைச்சொல்.
அஞ்சல் மூட்டை எண்ணுகிறவன் நான்,
குறுக்கெழுத்துப் பைத்தியம்;
அகராதியைப் புரட்டாமல் இருக்க முடியுமா?

படையை அணிவகுக்க.
சரக்குப் பெட்டிகளைப் போகும் ஊர்வாரியாகக் கோக்க.
விருந்தில் யார் பக்கத்தில் யார் என்று உட்காரவைக்க.
மணமுடித்த இரு குடும்பங்களின் சின்னங்களை
ஒரே கேடயத்தில் பொருத்த.
வாதங்களைத் திரட்ட.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரு லாயம், ஈர வைக்கோல்,
குதிரை தேய்க்கும் வேலைக்காரன்.
அவன்தான் பின்னாளில் தளபதியாம்.

சொன்னேன்.
"சாணி அள்ளுவதை நிறுத்தினானா, அதைச் சொல்"
என்றாள் மெர்ரன்.

மார்ச்சில் கவுன்சில் கடிதம்:
ஹெல்லிசே தீவுக்குக் குளிர்கால விமானம் இனி இல்லை;
ஆட்சேபம் உள்ளவர்கள் விவரங்களை மார்ஷல் செய்துகொண்டு வரவும்.
தட்டச்சியவர் போருக்கான எழுத்துகளைப் போட்டிருந்தார்.
ஒலி ஒன்றுதான்.
"சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று
கடிதத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டினாள்.

மூன்று இரவு சமையல் மேசையில் சீட்டுகள்.
ராபி ட்ரெயிலுக்கு வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு.
ஐந்து பிள்ளைகளுக்கு வந்துபோகும் கணக்கு டீச்சர்.
ஆட்டுக்குட்டிகளின் தடுப்பூசி, பனிக்கட்டிப் பெட்டியில்.
ஜனவரியில் ஒரு சவப்பெட்டி,
கப்பல் ஒன்பது நாள் வரவில்லை.
எது முதலில்?
ராபியை முன்னே வைத்தால்
ஆட்டுக்குட்டிகள் அற்பமாகத் தெரிகின்றன.
சவப்பெட்டியை முன்னே வைத்தால்
மற்றவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள்.
விமானத்துக்குச் சொல்லத் தெரிந்த கை
சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே இருந்தது.

கிர்க்வால் மண்டபம். தண்ணீர்க் குவளை. மைக்.
சீட்டுகள் வேலைச் சட்டைப் பையில்,
சட்டை தீவில்.
எழுந்தாள்.
நாக்கு ஒட்டிக்கொண்டது.
பழக்கதோஷம், கைகள் உயர்ந்தன.
முழங்கையை மடக்கி, வா என்றாள், யாரையோ.

முதலில் வந்தது ஆட்டுக்குட்டி.
பிறகு டீச்சரின் ஈரக் காலணி,
நடுவே ராபி கையில் ஊசித் தழும்புகள்.
சவப்பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.
அது யாருடையது என்று
முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியும்,
அவள் குடும்பப் பெயரும் அதே ஐஸ்பிஸ்டர்.
தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே போட்டு
உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை நாளிதழ் எழுதியது,
திருமதி ஐஸ்பிஸ்டர் தம் தரப்பைத் திறம்பட மார்ஷல் செய்தார் என்று.
இறந்தகாலம், இரண்டு எல்;
அமெரிக்காவானால் ஒன்று போதும்.
விரல் வைத்துக் காட்டினேன்.
"நான் எதையும் வரிசையில் நிறுத்தவில்லையே,
கதவைத்தான் திறந்தேன்" என்றாள்,
மட்டைகளின் பேட்டரியை மாற்றிக்கொண்டே.

முடிவு ஜூனுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
எட்டரை விமானம் இன்று பத்து நிமிடம் தாமதம்.