சி எட்டில் ஒரு மந்திரி

இரவு ஒன்று நாற்பதுக்குத் தோற்றேன்,
நாற்பத்தேழாவது நகர்த்தலில்.
எதிராளி லாட்வியாக்காரர், கொடியை வைத்துச் சொல்கிறேன்.
வேறெதுவும் தெரியாது,
அவசரமே படாத ஆள் என்பதைத் தவிர.

கானாடுகாத்தானில் இந்நேரம்
விழித்திருப்பவை மூன்று:
ஹோட்டலாகிவிட்ட வீட்டின் வரவேற்பு மேசையில் நான்,
வாசலில் சவரிமுத்து அண்ணனின் ரேடியோ,
மீன்தொட்டி மோட்டார்.
வைஃபை வளவுக்குள் எட்டாது,
முகப்புத் தூணில் முதுகைச் சாய்த்துத்தான் ஆட வேண்டும்.

எனக்குக் கறுப்புக் காய். பிரெஞ்சு டிஃபன்ஸ்.
பன்னிரண்டாம் அறையின் லியோன் தம்பதிக்கு
அப்படியொன்று இருப்பதே தெரியாது,
சாயங்காலம் கேட்டுப் பார்த்தேன்.

அவர் சிப்பாயை முன்னே தள்ளினார்.
நடுப்பலகையில் அவருடையது இரண்டு, என்னுடையது இரண்டு
நெற்றியோடு நெற்றி வைத்து நின்றன,
கிடாய்கள் முட்டுவதற்கு நடுவே
யாரோ படம் பிடித்ததுபோல.

எனக்குப் பிடித்தது அதுதான், ஒப்புக்கொள்கிறேன்.
எதுவும் திறக்காத ஆட்டம்.
ராஜாவை மூலையில் உட்கார வைத்துவிட்டு
யானையை இங்கே ஒரு கட்டம், அங்கே ஒரு கட்டம்,
துவைத்த விரிப்பை மடித்து வைப்பதுபோல
விடிய விடிய ஆடலாம்.

மந்திரி மட்டும் சி எட்டில்.
என் சிப்பாய்களே அவனுக்குச் சுவர்.
வெளியே கொண்டுவரும் வழி எனக்குத் தெரியும்:
பி சிப்பாய் ஒரு கட்டம், பிறகு மந்திரி ஏ ஆறுக்கு.
இரண்டே நகர்த்தல்.
ஒன்பதாவதில் நினைத்தேன், அடுத்ததில் பார்ப்போம் என்று.
பதினாலில் நினைத்தேன்.
இருபத்தொன்றில் அவர் ஏதோ மிரட்டுவதுபோலிருந்தது
(மிரட்டவில்லை, இப்போது பார்த்தால் தெரிகிறது).
இருபத்தொன்பதில் ஐந்தாம் அறை வெந்நீர் கேட்டு மணி அடித்தது.

வெந்நீர்மேல் பழி போடலாம்.
ஃபிளாஸ்க்கோடு மாடி ஏறி இறங்க
மூன்று நிமிடம் நாற்பது நொடி போயிற்று.
ஆனால் திரும்பி வந்தபோதும் ஆட்டம் சமம்தான்.
முடிந்த பிறகு கம்ப்யூட்டர் காட்டும் கோடு
முப்பத்துமூன்று வரை படுத்தே கிடக்கிறது
எங்கள் ஊர்ச் சாலை மாதிரி, ஒரு மேடு இல்லை.
அதற்கப்புறம் கிணறு.

இவ்வளவு நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?
குதிரையைப் பின்னால் இழுத்தார். நான் சிரித்தேன்.
பின்னால், பக்கவாட்டில், மறுபடி முன்னால்.
காரைக்குடிக்குப் போகத் திருமயம் சுற்றுகிற குதிரை.
ஆனால் வந்து சேர்ந்தது.
ஜி சிப்பாய் உடைந்தது.
கதவே இல்லையென்று நான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பக்கம்
குளிர்ந்த காற்று.

ஓடிவர யானைக்கு நாலு நகர்த்தல் வேண்டியிருந்தது,
ராணிக்கு மூன்று.
மந்திரிக்கு வழியே இல்லை.
ஆட்டம் தொடங்கிய கட்டத்திலேயே நின்று
ராஜா மடிவதைப் பார்த்தான்.
கோபித்துக்கொள்ள அவன் மரக்காய்கூட இல்லை,
திரையில் ஒரு படம்.

"என்ன பஞ்சு, மூஞ்சி ஒரு மாதிரி?"
"எல்லாம் பூட்டிக்கிச்சுண்ணே."
எந்த ரூம் என்று
சாவிக்கொத்தோடு எழுந்துவிட்டார் சவரிமுத்து அண்ணன்.

லாட்வியா மறு ஆட்டம் கேட்டது.
இந்த முறை வெள்ளை எனக்கு.
அவரும் அதே பிரெஞ்சு, அதே முட்டல்,
என் பழைய வீட்டில் அவர் குடிவந்ததுபோல.
நாலாவதில் பி சிப்பாய் ஒரு கட்டம்.
ஐந்தாவதில், யோசிக்கவே இல்லை, இரண்டு நொடிகூட ஆகவில்லை,
அவர் மந்திரி ஏ ஆறில் வந்து நின்றான்,
எதிர்வீட்டுக்காரன் பால் வாங்க வந்ததுபோல
அத்தனை சாதாரணமாக.

என் மந்திரியால் வெட்டினேன்.
குதிரையால் திரும்ப வெட்டினார்.

அதற்குள் ரயிலில் வந்த இருவர்
பெட்டிகளோடு வாசலில்.
கடிகாரத்தை ஓடவிட்டு எழுந்தேன்,
ஆதார் அட்டை வாங்கி நகல் எடுக்க.
ஒரே அறையா, தனித்தனியா என்று கேட்டேன்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
முதலில் யார் சொல்வதென்று
இன்னும் முடிவாகவில்லை.