வில்லங்கச் சான்று

நாற்பத்தொரு வருஷ வழக்கு.
அப்பா பர்குணம் வாதி, எலியா பிரதிவாதி.
மாதனூர் தாண்டிப் பாலாற்று மேட்டில்
தோல் ஷெட் உப்பு ஏறிய ஒரு கிணறு.
மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.
ஆனாலும் அது எங்களுடையது,
அல்லது அவர்களுடையது.

எலியாவின் மகள் கெசியாளை
ஆம்பூர் சார்பதிவாளர் ஆபீஸில்தான் பார்த்தேன்.
ஒரே சர்வே நம்பருக்கு
இரண்டு பேரும் வில்லங்கம் போட்டிருந்தோம்.
"சேந்து போட்டிருந்தா ஒரு ஃபீஸு மிச்சம்"
என்றார் கிளார்க், தலை நிமிராமல்.
அவளிடம் பேனா இல்லை.
என்னிடம் இரண்டு இருந்தன.

பிறகு நான்கு மாதம்.
வேலூரில் பழைய கட்டுகள், தூசிக்குத் துப்பட்டா.
அவள் சபையின் பீரோவில்
பூச்சி தின்ற ஞானஸ்நானப் பதிவேடு.
அவள் கீழிருந்து ஏறினாள்:
எலியா, சாமுவேல், யோனா.
நானும் ஏறினேன்:
பர்குணம், துரைசாமி, குப்பன்.
யோனாவின் தாய் தெபோராள்.
குப்பனின் தாய் பூங்காவனம்.
அதற்கு மேல் இரண்டு தாளிலும் வெறும் வெள்ளை.

இருபத்தொன்றாம் வருஷப் பத்திரம்:
பூங்காவனம் தன் மகன் குப்பனுக்குக்
கிணற்றை முழு பாத்தியமாய்க் கொடுக்கிறாள்.
இருபத்துநாலாம் வருஷப் பத்திரம்:
தெபோராள் தன் மகன் மைனர் யோனாவுக்கு
அதே கிணற்றை, அதே நான்கெல்லையோடு,
முழு பாத்தியமாய்க் கொடுக்கிறாள்.
இரண்டின் அடியிலும் ஒரே வாசகம்:
இடது கைப் பெருவிரல் இல்லாதபடியால்
சுட்டுவிரல் ரேகை வாங்கப்பட்டது.

ஜன்னல் வெளிச்சத்தில்
இரண்டு ரேகையையும் பக்கத்தில் வைத்தோம்.
சுழிக்கு நடுவே குறுக்காக ஒரு வெட்டு.
இரண்டிலும்.

கெசியாள் எழுந்து போய்ப்
பதிவேட்டின் பின்பக்கம் ஒன்றைத் திறந்தாள்.
"தெபோராள். முன்பெயர் பூங்காவனம். கைம்பெண்.
புருஷன் மூன்றாம் வருஷத்து வெள்ளத்தில் மரித்தான்.
குமாரன் ஒருவன் உண்டு,
அவன் அஞ்ஞானத்தில் இருக்கிறான்."

அஞ்ஞானத்தில் இருந்தது
என் கொள்ளுத்தாத்தா.

"கள்ளி" என்றாள் கெசியாள்.
பெயர் இரண்டு, பிள்ளை இரண்டு, கிணறு ஒன்று.
யாருக்கும் பாதி கொடுக்க மனசு வரவில்லை அவளுக்கு.
பெருவிரல் எங்கே போனது,
எந்த அரிவாளில், எந்தக் கதவிடுக்கில்,
எந்த ஏட்டிலும் எழுதியில்லை.
இரண்டு பேரும் கண்ணில் நீர் வர
சிரித்துக்கொண்டிருந்தோம்.
முதலில் நிறுத்தியது அவள்.

ஒருத்திதான் என்று நிரூபித்தால்
முதல் பத்திரம் நிற்கும்,
இரண்டாவது செல்லாது.
எனக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது.
அவள் வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள்.
ரேகையைப் பார்த்த கணமே தெரிந்திருக்கும்.
தெரிந்துதான் எழுந்து போனாள்,
தெரிந்துதான் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

ஜெராக்ஸுக்கு நான் சில்லறை தேட
அவளே கொடுத்தாள்.
பள்ளிகொண்டா பஸ்ஸில் ஏறிவிட்டு
ஜன்னல் வழியாக, "நீ பெரியவளா, நானா?"
"எண்பத்தஞ்சு" என்றேன்.
"அப்ப அக்கா" என்றாள்.
பஸ் எடுத்துவிட்டது.

அந்தத் தாள் இன்னும் என் பையில்.
வக்கீலிடம் கொடுக்கவில்லை,
கிழிக்கவும் இல்லை.
சாப்பாட்டு டப்பாவின் எண்ணெய்
ஒரு மூலையில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அப்பாவிடம் உறவை மட்டும் சொன்னேன்.
பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார்.
"அப்பவே நெனச்சேன்.
வெளியாளுக்கு இவ்ளோ வீம்பு வராது."
பிறகு, "பதினேழாம் தேதி வாய்தா, மறந்துடாத."
விளக்கை அணைக்கப் போனபோது
இருட்டிலிருந்து கேட்டார்,
மாத்திரை அட்டையைப் பிதுக்கியபடி:
"எலியாவுக்கும் சக்கர கீதா,
கேட்டியா?"