ஒட்டிய கல்

மொகொக்கில் ஒன்பது மணி வரை வெளிச்சம் பொய் சொல்லாது.
பிறகு எல்லாக் கல்லும் அழகு.
வாங்குகிறவன் அதனால் பனியோடு வருவான்,
விற்கிறவள் வெயில் ஏறட்டும் என்று
தேநீரை நீட்டி நீட்டிக் குடிப்பாள்.

மா ந்வே யீக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.
சுரங்கம் கழித்துக் கொட்டிய சரளையில்,
முழங்கால் தண்ணீரில், கூடையோடு குனிந்திருப்பவள்.
முதலாளி கண்ணுக்குத் தப்பியது அவள் கைக்குச் சொந்தம்.
ஊர் வழக்கம் அது.
கன்னத்துத் தனக்கா காயுமுன்னே
என் பித்தளைத் தட்டின் முன் நிற்பாள்.

எங்கள் பேச்சில் கல்லுக்குச் சௌக் என்று பெயர்.
மாணிக்கமும் சௌக்,
அதைக் கண்ணில் காட்டாத மலையும் சௌக்.
வாங்கும்போது, 'கல்தானே' என்பேன்.
விற்கும்போது, 'கல்!' என்பேன்.
நடுவில் உள்ள குரல்தான் என் வீட்டு அரிசி.

என் முகத்திலும் உண்டு.
ஆறு வயதில் பெரியம்மை;
'கல் முளைத்துவிட்டது' என்றார்கள்.
உதிர்ந்தது, குழிகளை விட்டுவிட்டு.
தோண்டி எடுத்துப் போனவன் யாரென்று
சவரம் செய்யும்போது சிலசமயம் யோசிப்பேன்.
ஐராவதியில் படகோட்டும் என் மைத்துனனுக்கோ
சௌக் என்றால் நங்கூரம்.
கல்முள் என்பான் அதை.
தைத்தால்தான் படகு நிற்குமாம்.

மழைக்கு முந்திய மாதம்
குன்றிமணி அளவில் ஒன்று கொண்டுவந்தாள்.
கறுப்பு இல்லாத குன்றிமணி.
திருப்பினேன். உள்ளே தீ அசையவில்லை, இருந்தது.
'அவசரமோ?' என்றேன்.
அவசரம் எத்தனை காரட் என்று தெரிந்துகொள்வது தொழில்.
'அவருக்கு ஒட்டிய கல்லில் கல்' என்றாள்.

சிறுநீரகத்தை அப்படித்தான் சொல்வோம்:
ஒட்டிய கல்.
முதுகோடு ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்று.
'கல்லுக்குள் கல்லா?' சிரித்துவிட்டேன்.
அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினெட்டு லட்சம் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கினாள்.
அன்று சாயங்காலமே
மாந்தலேக்காரன் ஒருவன் எழுபதுக்கு எடுத்துப்போனான்.

மூன்று வாரம் கழித்து வந்தாள்.
நான் மடிக்கிற மாதிரியே ஐந்து மடிப்பில் ஒரு பொட்டலம்.
பிரித்தேன்.
பழுப்பு. முள் முள்ளாக.
அடிப்பானையில் பிடித்த கருப்பட்டிக் கசடுபோல்.
முப்பது வருஷப் பழக்கம்,
கை தானாக லென்ஸைக் கண்ணில் வைத்தது.
'எந்தக் குழி?' என்றேன்.
'பா சின்' என்றாள்.
'இடது பக்கம்.'

பக்கத்துத் தட்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பில்
ஒருவன் தராசைத் தட்டிவிட்டான்.
நிமிர்த்தி நிறுத்தோம்.
இரண்டு காரட், கொஞ்சம் மேலே.
'அந்தச் சிவப்பைவிடக் கனம்' என்றாள்,
கணக்குப் புத்தகம் படிக்கிறவள் போல.
'இது எவ்வளவுக்குப் போகும்?'

என் வாயில் தயாராக இருந்தது, 'கல்தானே'.
வெளியே வரவில்லை.

'டாக்டர் தூக்கிப் போடச் சொன்னார்.
தூக்கிப் போட்டதைப் பொறுக்கித்தானே
இத்தனை வருஷம் சாப்பிட்டேன்.'
மடித்துப் புடவை முடிப்பதுபோல
லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டாள்.

கூடைக்காரி கடந்து போனாள்.
தேங்காய்ப்பால் மேலே வெளுத்து,
கீழே கண்ணாடியாய் நிற்கும் கடற்பாசிக் கட்டி;
அதற்கும் பெயர் சௌக்கில்தான் தொடங்கும்.
மூன்று துண்டு வாங்கினாள்.
ஒன்று அவருக்கு, இலையில்.
ஒன்றை நின்றபடியே தின்றாள்.
மற்றதை என் தட்டில் வைத்து,
'பல்லுக்கு வலிக்காத கல், தின்னுங்கள்' என்றாள்.

பித்தளைமேல் அது நடுங்கிக்கொண்டிருந்தது.
ஒன்பது ஆகவில்லை இன்னும்.
லென்ஸைத் தேடினேன், கையில்தான் இருந்தது.
எழுபது என்று
நான் சொல்லவில்லை.