எடைமேடை

புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நடுவே
அறுபது டன் தாங்கும் இரும்புத் தட்டு.
அதன் ஓரத்துக் கண்ணாடி அறையில்
பதினோரு வருடமாக நான்.
சரக்கோடு ஓர் எடை, வெறும் லாரிக்கு ஓர் எடை,
கழித்தால் நெல்.
இதற்கு மேல் எனக்குக் கணக்கு வராது.

ஐப்பசி மழை. தட்டின் விளிம்பில்
சேறு வழித்துக்கொண்டிருந்தேன்.
வயிரவன் வண்டியைப் பின்னால் எடுத்தான்.
கத்தியது நானா,
தவிட்டு மூட்டைமேல் நின்ற பையனா,
இன்றுவரை தெரியாது.
முழங்காலுக்குக் கீழே கால்
வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது.
சேலைக் கரையோரம் வெள்ளையாக ஒன்று;
சிந்திய குருணை என்றுதான் முதலில் நினைத்தேன்.

காரைக்குடி போகும்வரை
கண்டனூர், கோட்டையூர் வேகத்தடைகளை
எலும்பால் எண்ணினேன்.

முழங்கால் சில்லுக்குக் கீழே திறந்து
கணுக்கால் வரைக்கும் ஒரு கம்பி.
மேலே இரண்டு திருகு, கீழே இரண்டு.
'ஒன்பது மில்லிமீட்டர்' என்றார் டாக்டர் ஜெசிந்தா.
தாங்குமா என்று கேட்டேன்.
'கம்பி காலத்துக்கும் தாங்காது.
எலும்பு வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கும்.'

பயிற்சி அறையில்
ஆள் எடை பார்க்கும் சின்ன மெஷினை வைத்து
'இந்தக் காலில் இருபது கிலோதான் போகணும்' என்றான்
மீசை அரும்பாத ஒருத்தன்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் மேடையில் இருபது கிலோ என்பது
கடைசி எண் ஒருமுறை துடிப்பதோடு சரி.

ஐந்து மாதம்.
படத்தில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே.
இந்த முறை எதையும் வைக்கவில்லை, கழற்றினார்கள்:
ஒரே ஒரு திருகு.
'இனி முழு எடையும் வையுங்கள்.
நசுங்கினால்தான் எலும்புக்கு உறைக்கும்.'
வைத்தேன். மாசி முழுக்க, பங்குனி முழுக்க.
கோடு அசையவில்லை.

வயிரவன்
முதல் செலவில் பாதி கொடுத்தவன்
இரண்டாவதற்கு ஹார்லிக்ஸோடு வந்தான்.
மூன்றாவதற்கு வரவில்லை.
எத்தனை முறைதான் வருவான்.

'பக்கத்தில் இந்தச் சின்ன எலும்பு இருக்கிறதே,
இது எப்போதோ ஒட்டிவிட்டது.
இப்போது இதுதான் முட்டுக்கொடுத்து
பெரியதைச் சேரவிடாமல் நிற்கிறது.
கொஞ்சம் வெட்டி எடுக்கணும்.'

நல்லபடி ஒட்டினதையா?

'ஆமாம். அதைத்தான்.'

அன்றிரவு கட்டிலில் கிடந்து பார்த்தேன்.
மகன் சோறு வடித்தான், கஞ்சி சிந்தாமல்.
இவர் ரேஷன் அட்டை இருக்கும் இடத்தை
என்னிடம் கேட்காமலே எடுத்தார்.
ஆலையில் என் நாற்காலிக்கு
முதலாளியின் கொழுந்தன் மகள் வந்துவிட்டாளாம்,
என்னைவிட வேகமாம்.
எல்லாம் ஒட்டியிருந்தது.
எழுந்து உட்கார்ந்து,
'அந்தக் கரண்டியை இங்கே கொடுடா' என்றேன்.
பையன் முழித்தான்.

மூன்றாம் முறை
முதுகில் ஊசி, கண் மட்டும் விழிப்பு.
பச்சைத் துணிக்கு அப்பால்
ஆசாரி வீட்டுச் சத்தம்.
பழைய கம்பியை உருவி, எலும்பைக் குடைந்து,
பதினொன்றில் புதியது.
பழையதைக் கழுவி உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.
'அடைக்கம்மை, 43, இடது' என்று எழுதியிருந்தது.
எங்கள் மேடையில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம் காட்டியது.

மறுபடி வேலைக்கு வந்து ஒன்பது நாள்.
காலை ஷிப்ட் அவள், மதியம் நான்.
படத்தில் நாலு ஓரத்தில் மூன்று சேர்ந்திருக்கிறது.
நாலாவதை ஆவணியில் பார்ப்போம் என்றார் டாக்டர்;
நான்காவது முறை என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஆள் இல்லாத நேரம் பார்த்து
தட்டின் நடுவே போய் நின்றேன்.
கம்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு
வலது காலைத் தூக்கினேன்.
கண்ணாடிக்கு உள்ளே சிவப்பு எண்
அறுபதில் ஏறி நின்றது,
கம்பியோடு சேர்த்து.
கம்பியைக் கழித்தால் எவ்வளவு என்று
மனசு போட்டுப் பார்த்தது.

வாசலில் நெல் வண்டி ஒன்று வந்து காத்திருந்தது.
வயிரவன்தான்.
ஹாரன் அடிக்கவில்லை.
நானும் அவசரப்படவில்லை.