பெயர் ஒட்டிய மேசை

ரீகாவில், லிஃப்ட் செய்யும் கம்பெனியில்
என் முதல் நாள்
படியேறித்தான் தொடங்கியது.
அட்டை இல்லாதவருக்கு லிஃப்ட் திறக்காது.
அட்டை தரும் அறை
ஆறாம் மாடியில்.

வரவேற்பில் இருந்தவர்
பட்டியலை இருமுறை புரட்டினார்.
"விஸ்மாவா? திங்கள் என்றல்லவா சொன்னார்கள்?"
அன்று திங்கள்தான்.

காட்டிய மேசையில்
யாரோ ஒரு கஸ்பார்ஸ் விட்டுப்போன
இருமல் மிட்டாய், ஒற்றைக் கையுறை,
அவர் உடம்புக்கு அமுங்கிப்போன நாற்காலி.
கணினி வர ஒன்பது நாள்.
அதுவரை தீயணைப்பு விதிகளைப் படித்தேன்.
எந்த ஜன்னலை உடைக்கலாம், எதைக் கூடாது,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

பன்னிரண்டரைக்கு
எல்லோரும் ஒன்றாய் எழுந்து போனார்கள்.
எங்கே என்று யாரும் சொல்லவில்லை.
கெட்டவர்கள் அல்ல.
தெரிந்த வழியை
யாரும் வழியென்று நினைப்பதில்லை.
கோட்டு மாட்டும் இடத்தில் நின்றபடி
கறுப்பு ரொட்டியைத் தின்று முடித்தேன்.

மூன்று குளிர்காலம் போயிற்று.
புதியவர்களைச் சேர்ப்பது இப்போது என் வேலை.
மேலாளர் ஒரு வரவேற்புத் திட்டம் கேட்டார்,
நாற்பது பக்கம், அம்புக்குறியும் வட்டமுமாய்.
கொடுத்தேன்.
அவர் படிக்கவில்லை. நானும்தான்.

நான் செய்வது வேறு.
முந்தின வெள்ளி மாலை
இழுப்பறையைக் கவிழ்த்துத் தட்டுவேன்.
அய்னார்ஸிடம் கெஞ்சிக் கணினி வாங்கி
ஒருமுறை திறந்து மூடுவேன்.
பெயரை எழுத்துப் பிசகாமல் ஒட்டுவேன்.
பிறகு ஒரு தாளில்:
சமையலறைக் குழாயில் நீலப் புள்ளியை நம்பாதே, அதில்தான் வெந்நீர்.
சந்தேகமெல்லாம் ஸர்மீதேயிடம் கேள்,
சலித்துக்கொள்வாள், ஆனால் சொல்லுவாள்.
பன்னிரண்டரைக்கு உன்னைக் கூப்பிட ஆள் வரும்.

வரும் என்று எழுதிவிட்டால்
வராமலிருக்க முடியாதே,
அதற்காகத்தான் எழுதுவது.

நேற்று எட்வீன்ஸ் வரவேண்டிய நாள்.
எட்டே முக்காலுக்கே
அட்டையோடு கீழ்வாசலில் நின்றேன்.
பனியைத் தள்ளிக்கொண்டு
ட்ராம் வந்தது, போனது,
இன்னொன்று வந்தது.
ஒன்பதரைக்குச் செய்தி:
வேறிடத்தில் கிடைத்துவிட்டது, மன்னிக்கவும்.

அட்டையை ரத்துசெய்ய ஒரு பொத்தான் போதும்.
அழுத்தவில்லை.
அந்த அட்டையிலேயே மேலே போனேன்.
அவன் நாற்காலி
இன்னும் யாருக்கும் அமுங்கவில்லை.
என் வேலைகளை அங்கே பரப்பி உட்கார்ந்தேன்.
ஸர்மீதேயிடம் சொல்ல மறந்தே போயிற்று.

பன்னிரண்டரைக்குச் சரியாக வந்தாள்.
பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
தாளை எடுத்துத் தன் பெயர் இருக்கும் வரியை
இரண்டு தடவை படித்தாள்.

"சரி, எழுந்து வா, சாப்பிடப் போகலாம்"
என்றாள்,
சலித்துக்கொண்டே.