வெள்ளுவா வத்தம்

பள்ளியில் செம்பருத்தி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.
முனைக்காட்டில் அது ஒரே வீட்டில்தான்,
லாஞ்சுக்காரர் வீட்டில், லாரித் தண்ணீர் குடித்து வளர்வது.
கேட்டதற்கு ஒன்று கொடுத்தார்கள்.
அதுவும் நேற்றே பூத்துச் சுருண்டது.

பிளேடால் நடுவே கீறினாள் நம்புசெல்வி.
வெளியே பச்சை, புல்லி;
மொட்டாக இருந்தவரை காவல் நின்றது.
சிவப்பு, அல்லி. பூச்சிக்கு விரித்த கடை.
நீண்ட குழாயைச் சுற்றி மகரந்தப் பைகள்,
தொட்ட விரல் மஞ்சளானது.
நுனியில் ஐந்து வெல்வெட்டுப் புள்ளி, சூல்முடி.
பசை இருக்குமாம், வந்ததை விடாமல் பிடிக்க.
அடியில் சூல்பை, அதற்குள்
மீன்சினைபோல் வெள்ளை வெள்ளையாய்.

ஒவ்வொன்றையும் செல்லோடேப்பால் ஒட்டி
அம்பு வரைந்து பெயர் எழுதினாள்.
கடைசிக் கேள்வி: மகரந்தத்தைச் சுமப்பவை எவை?
தேனீ, வண்டு, காற்று.
கொஞ்சம் யோசித்து, நீர்.
புத்தகத்தில் இருக்கிறதாம். எப்படி என்று இல்லையாம்.
விளக்கை அணைத்தேன்.
விடிந்தால் வெள்ளுவா.

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எங்களுக்குக் கடல்.
வெள்ளுவாவுக்கு ஆறு, காருவாவுக்கு ஆறு.
விரல்களில் துணி சுற்றி, பாதத்தில் தகரம் கட்டி,
கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்து
இடுப்பில் மால் பையோடு இறங்குவோம்.
பாசி இருப்பது பாறையில்.
வழியில் கிடக்கும் சேற்றுத் தரை வாட்டாழைக்கு.
நாடா நாடாவாய்க் காலைச் சுற்றும்,
திட்டிக்கொண்டே கடப்போம்.

இன்று நல்ல வத்தம்.
தண்ணீர் தொடைக்கு இறங்கி
வாட்டாழை இலைகள் மேலே படுத்துக் கிடந்தன.
அவற்றுக்கு நடுவே நொய்யரிசிபோல் ஏதோ மிதந்தது.
மீன்பெட்டித் தெர்மாகோல் என்றுதான் நினைத்தேன்.
ஆனால் அவை நின்றன.
நனையாமல், தண்ணீரின் தோல்மேல்,
காற்று ஊதிய பக்கம் சறுக்கிக்கொண்டு.

முகத்தை அமிழ்த்திப் பார்த்தேன்.
இலையடியில் ஒரு மடல் வாய் திறந்திருந்தது.
அதிலிருந்து ஒவ்வொன்றாய்,
குமிழி கிளம்புவதுபோல்,
காம்பறுத்துக்கொண்டு மேலே போயின.
ஆண்பூ.
செடியை விட்டுவிட்டுப் பூவே கிளம்புகிறது,
வண்டை எதிர்பார்க்காமல்.

இன்னொரு செடியிலிருந்து
தூண்டில் நரம்புபோல் நீண்ட ஒரு தண்டு.
அதன் முனையில் கசங்கிய மூன்று இதழ்
வெள்ளையாய்த் தண்ணீரில் சாய்ந்திருந்தது.
நீர் அந்த இதழில் ஒட்டவில்லை,
சுற்றிலும் சின்னதாய் ஒரு பள்ளம்.
நொய்கள் அந்தப் பள்ளத்துக்குச் சறுக்கி விழுந்தன.
நாலு, ஏழு. எண்ண முடியவில்லை.

"என்னடி நிக்கிற, பாசி நடந்தா வரும்?"
சவரியம்மா பாறையிலிருந்து கத்தினாள்.

போனேன். ஒரு பை நிறைந்தது.
கட்டைவிரல் கிழிந்தது, அது எப்போதும்தான்.
திரும்பும்போது ஏத்தம் தொடங்கி
தண்ணீர் வயிற்றுக்கு வந்திருந்தது.
தண்டு இதற்குமேல் நீளாது.
விறைத்து நின்று பூவை உள்ளே இழுத்தது.
இதழ்கள் மூடின,
உள்ளே வந்தவற்றை வைத்துக்கொண்டே.
இங்கே அல்லி கடை இல்லை, கதவு.

அப்புறம் நடப்பது எனக்குத் தெரியும்.
தெரியும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.
பழைய டெலிபோன் வயர்போல்
சுருண்ட தண்டுகளைச் சேற்றில் பார்த்திருக்கிறேன்,
அறுந்த வலை நூல் என்று எறிந்திருக்கிறேன்.
அதன் முனையில் மயிர் முளைத்த காயை உடைத்து
உள்ளிருக்கும் பருப்பைத் தின்றும் இருக்கிறேன்.
பசிக்கிற வயதில் எது எங்கிருந்து வந்தது
என்று யார் கேட்டார்கள்.

இத்தனைக்கும் அதுவும் எங்களைப்போல
உவா பார்த்துத்தான் வேலைக்கு வருகிறது.

கரையில் பாசியை எடை போட்டார்கள்.
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தார்கள்,
ஒரு கிலோவுக்குச் சண்டை போட்டு மீட்டேன்.
சவரியம்மா என் முகத்தையே பார்த்தாள்.
மூக்குத்தியில வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கு,
உப்பா என்றாள்.
ஆமாம் என்றேன்.
துடைக்கவில்லை.
நோட்டில் ஒட்ட
வீட்டில் இன்னும் கொஞ்சம் செல்லோடேப் இருக்கிறது.