நாலு விரல்

செல்லூரில் என் கடை. பத்துக்குப் பன்னிரண்டு.
காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
ஜாமீனில் வந்தவருக்கு வரவேற்பு,
எல்லாம் என் பழைய பெட்டிக்குள் நுழைந்துதான்
ஃப்ளெக்ஸாக வெளியே வரும்.

பெட்டிக்கு வயது பதினொன்று.
மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.
அதற்கென்றே ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன்.
எனக்குக் கிடையாது.

போன வைகாசியில் ராத்திரி ஒன்றரைக்கு
ஷட்டரைத் தட்டினார் அய்யணன்.
அண்ணன் இறந்துவிட்டாராம்.
போனில் ஒரு கல்யாண போட்டோ.
"சிரிக்கிறாப்ல இருக்கு. வேற இல்ல."

கூட்டத்திலிருந்து அண்ணனை மட்டும் வெட்டி எடுத்தேன்.
தோளில் யாருடையதோ நாலு விரல்
கூடவே வந்துவிட்டது.
அழிக்கப் போனேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
திரை வெளுத்தது.
அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன்.
விடியும்போது பெட்டி எழவே இல்லை.

மறுநாள் இரண்டு மணிக்குத்
தத்தனேரிக்குத் தூக்கிவிட்டார்கள்.
போஸ்டர் வந்தது மூன்றுக்கு,
விரல்களோடு.

அய்யணன் சத்தம் போடவில்லை.
"பதினாறாம் நாள்னு மாத்திக் குடுத்துருங்க" என்றார்.
முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார்.
அந்த நோட்டுகளை நான் கல்லாவில் போடவில்லை.

தெற்கு மாசி வீதி, மாடி ஏறினால் துளசிராம் கடை.
"கேம் ஆடுவீங்களாக்கா?"
"இல்ல. கண்ணீர் அஞ்சலி."
அவன் சிரிக்காமல் எழுதத் தொடங்கினான்,
தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்னால்.

ஆறு கோரா, எட்டு கோரா?
ரைசனா, இன்டெலா?
எனக்குப் புரிந்தது பரோட்டாக் கடையாக:
ஒரே அடுப்பில் ஆறு மாஸ்டர் வீசலாம்,
எட்டுப் பேரும் வீசலாம்,
நாலாயிரம் கூட.
மாவு பரப்பும் மேடை சின்னதென்றால்
எத்தனை மாஸ்டர் நின்று என்ன?
"மேடைதான்க்கா ரேம்" என்றான்.
ஆறு கோர், பதினாறு ஜிபி.
மிச்சத்தை எஸ்எஸ்டியில் போட்டேன்.

கண்ணாடிப் பெட்டி காட்டினான்.
உள்ளே சிவப்பும் நீலமுமாக
திருவிழா சீரியல் செட்.
வேண்டாம் என்றேன்.
கடைக்கு வெளியே வருஷம் முழுக்க அதுதானே எரிகிறது.

"எதுல குறைச்சாலும் பவர் சப்ளைல குறைக்காதீங்க.
போறப்ப சும்மா போகாது,
கூட இருக்கிற எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிரும்."
அப்படி ஒரு ஆளோடு
ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினவள் நான்.
இருப்பதிலேயே நல்லதாகப் போடு என்றேன்.

ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு.
நானூறைக் குறைக்க மாட்டானாம்.
மவுஸ் பேட் இலவசம்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கல்பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும்
டிரைவரைத் திட்டினேன்.

மஞ்சள் குங்குமம் வைத்து, சுவிட்சைப் போட்டு,
முதலில் திறந்தது அந்தப் பழைய ஃபைலை.
பன்னிரண்டு நொடி.
அய்யணனின் அண்ணன் சிரித்தார்.
பிரஷை ஒரு இழுப்பு:
விரல்கள் போய்விட்டன.
சட்டை மடிப்புகூடப் பிசகவில்லை.

நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் அந்தத் தோள்
சட்டென்று ஒரு பக்கம் இறங்கியது போல.
கன்ட்ரோல் இசட்.
விரல்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன.
எதற்கும் சேவ் பண்ணாமல் மூடினேன்.

வாசலில் ஒருவர், வேட்டி மடித்துக் கட்டி.
காதுகுத்து. இருபதுக்குப் பத்தடி.
"தாய்மாமன் ஏழு பேரும் பெருசா வரணும்.
பங்காளிக நாப்பத்தி மூணு.
ஒருத்தர் விட்டாலும் அருவா வந்துரும்."
பென்டிரைவை நீட்டினார்.

வாங்கிச் செருகிவிட்டு
துளசிராமுக்குப் போன் போட்டேன்.
இன்னொரு பதினாறு ஜிபி
என்ன விலை வரும்?